மூன்றாம் மாடி வெளியீடு

அனுப்புநர்:
மூன்றாம் மாடி இசைக்குழுவின் கிட்டார்க்காரர்
(மனு எழுதத் தெரிந்தவர் என்று மற்ற இருவரால் முன்னால் தள்ளிவிடப்பட்டவர்),
கண்ணாடிக் கடை, தரைத்தளம்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்கள்,
ஒலிப்பதிவு உரிமைப் பதிவு அலுவலகம்.

பொருள்: சொந்தமாகப் பாடி, சொந்தமாகப் பதிந்து, சொந்தமாக விற்ற பாட்டு எங்களுடையது அல்ல என்று ஆகிவிட்டது – பதிவு மறுப்பை மறுபரிசீலனை செய்யவும், கேசட்டைத் தாங்களே கேட்டருளவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் விண்ணப்பம்.
2. தங்கள் அலுவலக மறுப்புக் கடிதம்.
3. மூன்றாம் ஜன்னல் எழுத்தர் வாய்மொழியாக அருளிய ஆலோசனை.

ஐயா,

வணக்கம்.

1. தாங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதம் கிடைத்தது. வாழ்க்கையில் எனக்கு 'முடியாது' என்று சொன்னவர்கள் பலர் உண்டு. அவர்களில் ஒருவர்கூட இத்தனை வழவழப்பான தாளில், இத்தனை மரியாதையாகச் சொன்னதில்லை. அதற்கு முதலில் நன்றி. தாக்கல் செய்யப்பட்ட இரண்டு ஒலிநாடாக்களும் ஒரே பதிவின் பிரதிகள் அல்ல, எனவே எது மூலம் என்று அறிய இயலவில்லை, எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்பது கடிதத்தின் சாரம். தாங்கள் சொல்வது முற்றிலும் உண்மை. அந்த இரண்டும் ஒன்றல்ல. அது ஏன் என்று விளக்கினால் தாங்கள் சிரிப்பீர்கள். சிரித்த பிறகு கையெழுத்திடுவீர்கள் என்ற நம்பிக்கையில் இம்மனுவை எழுதத் துணிகிறேன்.

2. முறையீடு என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் பேச்சுவாக்கில் எங்காவது போய்விட்டாலும் தாங்கள் வழி தவறாதிருக்க அது உதவும். எங்கள் குழுவில் பாடியவர் என் தங்கையின் கணவர். ஃபிரிட்ஜ் மெக்கானிக். பனிக்கட்டி என்று சொன்னால்தான் எங்கள் வட்டாரத்தில் தெரியும். சென்ற ஆண்டு தொண்டையில் கட்டி வந்து, அறுவைச் சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார், குரல் போயிற்று. இப்போது அவர் மேசையில் தட்டித்தான் பேசுகிறார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. நிறுத்தாமல் தட்டினால் என் தங்கையோடு சண்டை.

3. அவர் பாடிய பழைய கேசட் ஒன்றை என் தங்கை கம்ப்யூட்டரில் ஏற்றி, அவர் பெயரில் இணையத்தில் வெளியிட்டாள். ஏற்றிய சூடு ஆறுவதற்குள் நீக்கிவிட்டார்கள். இப்பாடல் வேறொருவருக்குச் சொந்தமானது என்று ஒற்றை வரி. அந்த வேறொருவர், பழைய சாமான் கடைகளில் கிடக்கும் கேசட்டுகளைப் பொறுக்கித் தூசு தட்டி, 'கண்டெடுத்த குரல்கள்' என்ற தலைப்பில் வெளியிடும் ஓர் இசை நிறுவனம். அந்தத் தொகுப்பில் எங்கள் பாட்டும் இருக்கிறது. பாட்டின் கீழே, பாடியவர்: தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு என் தங்கை கூறியதை அவள் வார்த்தைகளிலேயே பணிவுடன் பதிவு செய்கிறேன்: "தெரியலையாமே! கல்யாணமான நாள்லேருந்து என் காதுப் பக்கத்துலதான் குறட்டை விடறாரு. என்னைக் கேட்டா சொல்லமாட்டேனா?" நீக்கியது தவறென்றால் பதிவுச் சான்றிதழ் காட்டுங்கள் என்று இணையக்காரர்கள் சொன்னார்கள். அதன் பேரில்தான் நாங்கள் தங்கள் அலுவலகப் படியேறினோம். எங்களுக்கு வேண்டியது காசு அல்ல. பாடியவர் இன்னார் என்று ஒரு வரி. குரல் இல்லாத மனிதருக்கு அவர் குரல் இருக்கிற ஒரே இடம் அந்தப் பாட்டு.

4. இனி, கேசட்டுகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற வரலாறு. எங்களுக்கு மீசை சரியாக அரும்பாத காலத்தில், அதாவது மீசையில் நரையை மறைப்பதற்குப் பதில் மீசையையே மையால் வரைந்துகொண்ட காலத்தில், நாங்கள் மூவரும் இதே கட்டடத்தில் குடியிருந்தோம். பனிக்கட்டி மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. மூன்றாமவர் அதே மாடியில் என் எதிர் வீடு. அவர் இன்று காப்பீட்டு அலுவலகத்தில் பெரிய பதவியில் கழுத்துப்பட்டை அணிந்து அமர்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் தாம் தகர வாளி வாசித்தது மேலதிகாரிகளுக்குத் தெரியக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால், அன்னாரைத் தாளக்காரர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். வாளியைப் பற்றிப் பின்னர் வருகிறேன். இம்மனுவில் அது முக்கியமான சாட்சி.

5. நாங்களும் முதலில் ஒழுங்காக ஒரு கேசட் கம்பெனிக்குத்தான் போனோம். குளிரூட்டப்பட்ட அறை. பனிக்கட்டி உள்ளே நுழைந்ததும் பாடவில்லை. குளிரூட்டும் இயந்திரத்தில் வாயு குறைந்திருக்கிறது என்று சொன்னார். பிறகுதான் பாடினார். அங்கிருந்த அதிகாரி கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்ததும் சொன்னார்: "குரல் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அட்டையில போட்டோ போடணுமே. இந்த மூக்கு அட்டைக்குள்ள அடங்குமா?" என் பக்கம் திரும்பி, "நீ வாசிக்கறியா, இல்ல அதைப் பிடிச்சிட்டு நிக்கறியா?" என்றார். கிட்டாரில் ஒரு கம்பி குறைவு என்பதை அவருக்கு விளக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. படியிறங்கும்போது தாளக்காரர் கேட்டார்: "ஏன்டா, நம்மளே போட்டா என்ன?" ஐயா, இன்று வீட்டுக்கு வீடு பாட்டெழுதிப் பாடித் தாங்களே வெளியிடுகிறார்கள். அதற்குப் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அன்று எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. கோபம் மட்டும் தெரியும்.

6. சொந்தமாகப் போடுவதில் ஒரே ஒரு சிக்கல். ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு மாற்றும் இரட்டைப் பெட்டி எங்களில் யாரிடமும் இல்லை. இரண்டு டேப் ரெக்கார்டர்களை முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தோம். பனிக்கட்டி கிணற்றுக்குள் விழுந்து உதவி கேட்பது போல வந்தது. அப்போது எங்களுக்கு உதித்த யோசனையை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறேன், வெட்கமும் படுகிறேன். கட்டடத்தில் யார் யாரிடம் டேப் ரெக்கார்டர் இருக்கிறதோ எல்லாவற்றையும் கடன் வாங்கி, பனிக்கட்டி வீட்டுக் கூடத்தில் வரிசையாக அடுக்கி, எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, நாங்கள் எதிரே நின்று முழுக் கேசட்டையும் வாசித்தோம். அடுத்த கேசட்டுகள் வேண்டுமா? மறுபடி முதலிலிருந்து முழுவதும் வாசித்தோம். விற்ற ஒவ்வொரு கேசட்டுக்கும் நாங்கள் நேரில் பாடியிருக்கிறோம், ஐயா. ஒரு தடவை வாசித்து எடுப்பதற்கு 'ஒரு ஈடு' என்று பெயர் வைத்தோம். ஒரு ஈடு இட்லி என்பார்களே, அந்த அடுப்பங்கரைச் சொல்தான். வேறு எங்கிருந்து எடுப்போம், கூடத்துக்குப் பக்கத்திலேயே அடுப்பங்கரைதானே.

7. ஆகவே ஒவ்வொரு ஈடும் ஒவ்வொரு மாதிரி. காலை ஈட்டில் பனிக்கட்டியின் குரல் பளிச்சென்று இருக்கும், என் விரல் தூக்கக் கலக்கத்தில் இருக்கும். மாலை ஈட்டில் அவர் தொண்டை கட்டிக் கரகரவென்று வரும். மாலை ஈடுதான் வேண்டுமென்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு. டேப் ரெக்கார்டரின் சொந்தக்காரர்கள் அதனதன் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள், எங்களை நம்பி விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். தாளக்காரர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் எல்லாரும் பொத்தானை அழுத்த வேண்டும். யாராவது ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கேசட் இரண்டாம் வரியிலிருந்து தொடங்கும். அதையும் விற்றோம். கடனுக்குக் கைம்மாறாக, டேப் ரெக்கார்டர் கொடுத்த வீட்டுக்கெல்லாம் அந்த ஈட்டில் ஒரு கேசட் இலவசம். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம்: தொடங்கினால் நிறுத்தக் கூடாது. தும்மல் வரட்டும், அழைப்புமணி அடிக்கட்டும், கூரையே விழட்டும், நிறுத்தினால் வரிசையாக உள்ள அத்தனை கேசட்டும் வீண். இந்தச் சட்டத்தைத் தாங்கள் தயவுசெய்து நினைவில் கொள்ள வேண்டும்.

8. அந்த வரிசையில் இரண்டு டேப் ரெக்கார்டர்கள் இவ்வழக்குக்குத் தேவைப்படுகின்றன. ஒன்று கீழ்வீட்டு அக்காவுடையது. அக்கா மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு ஸ்பீக்கர் வைத்த பெரிய பெட்டி, கட்டடத்திலேயே உசத்தி. ஆனால் மாலை வானொலி நாடகத்துக்குள் அது வீடு திரும்பியாக வேண்டும். அதனால் சட்டென்று தூக்கிக்கொண்டு ஓட வசதியாக, அக்கா எப்போதும் வாசற்படி ஓரமாக, அடுப்பங்கரைக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். இன்னொன்று என் தங்கையுடையது. அவளுடையது எப்போதும் பனிக்கட்டியின் மூக்குக்கு நேர் கீழே இருக்கும். "அங்க வச்சாதான் தெளிவா விழும்ணா" என்பாள். நானும் ஒலியியலில் என் தங்கைக்கு இருந்த ஆர்வத்தைக் கண்டு மெச்சியிருக்கிறேன். கேசட் தீர்ந்து, பொத்தான் தானாக மேலெழும்பிய பிறகும் அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த நாளில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. எனக்கு முன்பே கட்டடம் முழுவதற்கும் உறைத்திருந்தது. பனிக்கட்டியின் அம்மா மட்டும் ஒன்றும் தெரியாதவர் போல ஒருநாள் என்னிடம் கேட்டார்: "உன் தங்கச்சி டேப்பு மட்டும் ஏன்டா மாடி ஏறி வருது, இறங்கிப் போகவே மாட்டேங்குது?"

9. அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இம்மனு நிறைவு பெறாது. ஒல்லியான உருவம். கூடத்தில் நாங்கள் அடுக்கி வைத்த பெட்டிகளைத் தாண்டித் தாண்டியே நடந்து பழகியவர். ஈடு ஓடும்போது அடுப்பங்கரையில் கரண்டி விழும் சத்தம்கூட வராது. பாத்திரத்தைத் துணி சுற்றித்தான் இறக்குவார். எங்கள் இசையைப் பற்றி அவர் சொன்ன ஒரே விமர்சனம், "பாட்டு நல்லாருக்கு, வாளி என்னோடது" என்பது. ஆம் ஐயா, தாளக்காரர் வாசித்தது அந்த வீட்டின் தகர வாளி. கவிழ்த்துப் போட்டு, அடியில் பழைய துண்டு விரித்து வாசிப்பார். குழாயில் தண்ணீர் மாலையில்தான் வரும். அதுவரை வாளி எங்களுடையது, அதன் பிறகு அம்மாவுடையது என்பது எங்களுக்குள் எழுதப்படாத ஒப்பந்தம்.

10. விற்பனை முறையையும் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் யாராவது ஆராய்ச்சி செய்தால் உதவும். அட்டையில் புகைப்படம் இல்லை, மூக்குப் பிரச்சினை. 'மூன்றாம் மாடி வெளியீடு' என்று ஸ்டென்சில் வெட்டி மை தடவி அச்சிட்டோம். அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் மாடிக்கு வீடு வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள், கேசட் கேட்டு வந்தவர்களைவிட அதிகம். பனிக்கட்டி ஃபிரிட்ஜ் பழுது பார்க்கப் போகும் வீடுகளில் விற்றார். வேண்டாம் என்றால் ஃபிரிட்ஜ் கதவை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார். நான் அப்போது என் அப்பாவின் கண்ணாடிக் கடையில் இருந்தேன். கண் சோதிக்க வருபவர்களிடம் கடைசி வரியாகக் கேசட் அட்டையைக் காட்டிப் படிக்கச் சொல்வேன். படிக்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்களுக்குக் கண்ணாடி போட்டு, பிறகு விற்றேன். பேருந்தில் போகும்போது முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் பாட்டை முணுமுணுப்பதை ஒரு தடவை கேட்டேன். அதுவும் மாலை ஈட்டில் மட்டும் வரும் ஒரு கமகத்தோடு. நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, அவர் இறங்கும் வரை கூடவே போனேன். அதன் பிறகு எத்தனையோ பேருக்குப் பார்வை சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அந்தப் பேருந்துப் பயணத்துக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை.

11. இப்போது வழக்குக்குரிய அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். பாட்டு, பேருந்து நிறுத்தத்தில் குடையில்லாமல் காத்திருக்கும் ஒருவனைப் பற்றியது. 'மழையும் நிக்கல, பஸ்ஸும் நிக்கல' என்று தொடங்கும். இரண்டாம் சரணத்தின் நடுவில், மாலையில் வர வேண்டிய தண்ணீர் முன்னறிவிப்பு இல்லாமல் மதியமே வந்துவிட்டது. சொட்டுச் சொட்டாக அல்ல, கொட்டோ கொட்டென்று. பாத்திரத்தைத் துணி சுற்றி இறக்கும் அந்த அம்மா எல்லாவற்றையும் மறந்து அடுப்பங்கரையிலிருந்து கூவினார்: "டேய்! தண்ணி வந்துடுச்சுடா! வாளி எங்கடா?" நிறுத்தக் கூடாது என்பது சட்டம். பதில் சொல்லாமலிருந்தால் அம்மா மறுபடி கூப்பிடுவார். பனிக்கட்டி கண நேரம்தான் யோசித்தார். அடுத்த வரிக்குரிய மெட்டிலேயே, சுருதி பிசகாமல், 'வர்றேம்மா வர்றேன், வாளி இங்கதான்' என்று பாடிவிட்டார். எனக்குச் சிரிப்பில் விரல் நடுங்கியது, கேசட் கேட்டவர்கள் அதைக் கமகம் என்று நினைத்துக்கொண்டார்கள். அதற்குள் அம்மா உள்ளே வந்து, தாளக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வாளியை உருவிக்கொண்டு போய்விட்டார். தாளக்காரர் கொஞ்ச நேரம் காற்றைத் தட்டினார். பிறகு சுதாரித்துத் தம் தொடையைத் தட்டி முடித்தார். அந்த ஈடு மட்டும் அப்படி. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

12. 'கண்டெடுத்த குரல்கள்' நிறுவனம் கண்டெடுத்தது சாட்சாத் அந்த ஈட்டுக் கேசட் ஒன்றைத்தான். யாரோ ஒரு ஃபிரிட்ஜ் வாடிக்கையாளர் பழைய சாமானோடு போட்டிருக்கிறார். அவர்கள் பாட்டோடு வெளியிட்ட குறிப்பில் ஓர் அறிஞர் எழுதியிருப்பதைத் தங்கள் பார்வைக்குத் தருகிறேன்: 'அடையாளம் தெரியாத இப்பாடகர் வாளி என்ற படிமத்தால் மனித மனத்தின் வெறுமையைச் சுட்டுகிறார். அதைத் தொடர்ந்து தாளம் திடுமென நின்றுபோவது, அக்காலத்தில் எவரும் துணியாத மௌனம்.' ஐயா, அது மௌனம் அல்ல. தண்ணீர் பிடிக்கப் போன வாளி. தாளக்காரரிடம் இதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு, "மௌனம்னு எழுதியிருக்கானா? அப்ப நான் மேதையாடா?" என்றார். மறுநாளே இம்மனுவில் கையெழுத்துப் போடச் சம்மதித்தார்.

13. அந்த நிறுவனத்தின் மீது எங்களுக்கு வன்மம் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். பழைய சாமான் கடையில் மட்கிக் கிடந்ததை எடுத்துத் துடைத்தவர்கள் அவர்கள். ஆனால் சற்று அதிகமாகத் துடைத்துவிட்டார்கள். குறிப்பின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'பின்னணி இரைச்சல் அகற்றப்பட்டுள்ளது.' அவர்கள் வெளியீட்டில் பனிக்கட்டி 'வர்றேம்மா வர்றேன்' என்கிறார். கூப்பிட்ட குரல் இல்லை. யாருமே கூப்பிடாமல் ஒருவன் வருகிறேன் வருகிறேன் என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

14. அம்மா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அந்த வீட்டில் அத்தனை டேப் ரெக்கார்டர்கள் வந்து போயின, அவர் குரலைப் பதிவு செய்ய வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும், "எனக்கு என்னத்துக்குடா அதெல்லாம்" என்று போயிருப்பார். என் தங்கை இணையத்தில் ஏற்றிய கேசட்டும் அந்த ஈடுதான். ஆனால் அவளுடைய பெட்டி பனிக்கட்டியின் மூக்குக்குக் கீழே இருந்ததல்லவா? அதில் அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. அம்மாவின் குரல் ஏதோ ஈ பறப்பது போலத்தான் விழுந்திருக்கிறது. காதல் செய்த வேலை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

15. தங்கள் அலுவலகத்தில் நேர்ந்த குளறுபடி என்னால் வந்தது. இரண்டு பிரதிகள் கேட்டீர்கள். ஒன்றாகத் தங்கையின் கேசட்டை வைத்தேன். இன்னொன்றாக, என் கிட்டார் கடைசி வரை பிசகாமல் விழுந்த ஒரே ஈட்டிலிருந்து ஒரு கேசட்டை வைத்தேன். அரசாங்கத்தின் கோப்பில் காலத்துக்கும் இருக்கப்போவது நல்ல வாசிப்பாக இருக்கட்டுமே என்ற அற்ப ஆசை. அதில் தாளம் நிற்கவே இல்லை, வாளியும் தன் இடத்தில் இருக்கிறது. மூன்றாம் ஜன்னல் எழுத்தர் தலையைப் பிடித்துக்கொண்டு, "சார், ரெண்டுல எது சார் ஒரிஜினல்?" என்று கேட்டார். "எல்லாமே ஒரிஜினல்தாங்க" என்றேன். "அப்ப எதுவுமே ஒரிஜினல் இல்ல சார், சட்டம் அப்படித்தான்" என்றார். நான் ஈட்டு முறையை விளக்கினேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். பின்னால் நின்ற வரிசையும் கேட்டது, ஒருவர் மட்டும் திட்டினார். கடைசியில் எழுத்தர் குரலைத் தாழ்த்தி, "ஒரே ஈட்டுல ரெண்டு கேசட் கொண்டாங்க சார். பெட்டி வேற வேறயா இருந்தாலும் பரவால்ல, பாடினது ஒரே தடவையா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

16. ஒரே ஈட்டின் இன்னொரு கேசட் என்றால், கீழ்வீட்டு அக்கா. பணி ஓய்வு பெற்று இப்போதும் அதே தரைத்தள வீட்டில், என் கடைக்குப் பின்பக்கம் இருக்கிறார். கேட்டதும், "நீங்க என்னிக்காவது திருப்பிக் கேப்பீங்கன்னு தெரியும்டா, அதான் எறியல" என்று பொத்தான், ஊசி, நூல் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவின் அடியிலிருந்து எடுத்துத் தந்தார். அதே இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தது. எல்லாரும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். பனிக்கட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முதல் சரணம் போயிற்று. என் தங்கை பழைய பழக்கத்தில் தலையாட்டினாள். இரண்டாம் சரணம் தொடங்கியது.

17. அக்காவின் பெட்டி வாசற்படி ஓரத்தில், அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் இருந்தது என்று முன்பே தெரிவித்துள்ளேன். "டேய்! தண்ணி வந்துடுச்சுடா! வாளி எங்கடா?" பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போல, அவ்வளவு கிட்டே. அக்கா திடுக்கிட்டு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். பனிக்கட்டி கண்ணைத் திறக்கவில்லை. அவர் கை மட்டும் மேசையில் ஒரு தட்டுத் தட்டியது. ஒரே ஒரு தட்டு. கேசட்டில் இருந்த அவருடைய குரல் 'வர்றேம்மா' என்று பதில் சொல்வதற்கு முன்னால், அவர் பதில் சொல்லிவிட்டார்.

18. ஐயா, அந்த நிறுவனம் இரைச்சல் என்று அகற்றியது இதைத்தான்.

19. எனவே கீழ்க்கண்டவாறு ஆவன செய்யுமாறு தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்:

(அ) ஒரே ஈட்டில் எடுக்கப்பட்ட இரண்டு கேசட்டுகள், அதாவது என் தங்கையுடையதும் கீழ்வீட்டு அக்காவுடையதும், இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஒப்பிட்டு மறுப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இரண்டிலும் தாளம் ஒரே இடத்தில் நிற்கிறது. இரண்டிலும் தொடைத் தட்டு ஒரே மாதிரி விழுகிறது. அப்படி ஒரு தொடைத் தட்டை இன்னொரு முறை நிகழ்த்திப் போலி செய்ய இயலாது என்று தாளக்காரர் தம் தொடையின் மீது உறுதி கூறுகிறார்.

(ஆ) பாடலின் மூலப் பதிவாக அக்காவின் கேசட்டையே ஏற்க வேண்டும். என் கிட்டார் நன்றாக விழுந்த கேசட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வருத்தம் உண்டு, ஆட்சேபம் இல்லை.

(இ) பதிவேட்டில் பின்வருமாறு எழுத வேண்டும். பாடியவர்: பனிக்கட்டி என்கிற ஃபிரிட்ஜ் மெக்கானிக் (முழுப் பெயர் இணைப்பில்). கிட்டார்: இம்மனுதாரர். தாளம்: பெயர் வெளியிட விரும்பாத ஒருவர், இரண்டாம் சரணம் வரை வாளியில், அதன் பின் சொந்தத் தொடையில். உடன் குரல்: பாடகரின் அம்மா. உடன் குரல் என்று ஒரு கட்டம் தங்கள் படிவத்தில் இருக்கிறது. அது வெறுமையாக விடப்படுவதற்கு அல்ல என்று நம்புகிறேன்.

(ஈ) இவற்றையெல்லாம் காகிதத்தில் படித்து முடிவு செய்யாமல், தாங்கள் தங்கள் காதால் கேட்டருள வேண்டும். தங்கள் அலுவலகத்தில் கேசட் கேட்கும் கருவி இல்லை என்று எழுத்தர் மூலம் அறிந்தேன். ஆகவே கருவியையும் இணைத்துள்ளேன்.

20. எங்கள் மூவரில் ஒருவருக்கு இப்போது பேச்சு இல்லை. இன்னொருவர் பதவி காரணமாகப் பேச மாட்டார். மூன்றாமவன் நிறுத்த மாட்டான் என்பதைத் தாங்கள் இந்நேரம் கண்டிருப்பீர்கள். இத்தனை நீளத்துக்கு மன்னிக்க வேண்டும். தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கி, எங்கள் கட்டடத்து அழைப்புமணிக்குக் காது கொடுத்தபடி அமைகிறேன்.

தங்கள் தீர்ப்பையும் தங்கள் காதுகளையும் நம்பும்,

கிட்டார்க்காரர் (கையொப்பம்)
பனிக்கட்டி (கையொப்பம். அருகில் உள்ள கறை அவர் கையிலிருந்த ஃபிரிட்ஜ் எண்ணெய், பொருட்படுத்த வேண்டாம்.)
தாளக்காரர் (கையொப்பம், வேண்டுமென்றே புரியாதவாறு இடப்பட்டுள்ளது)

இடம்: மூன்றாம் மாடிக் கூடம்
நாள்: ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் வருவதற்கு முன்

இணைப்புகள்:
1. கேசட், கீழ்வீட்டு அக்காவுடையது.
2. கேசட், என் தங்கையுடையது. மூன்றாம் ஜன்னலில் திரும்ப வாங்கி வந்த இதை அவள் இரண்டாம் முறையாகக் கைவிட்டுக் கொடுக்கிறாள். பத்திரம்.
3. பாடகரின் முழுப் பெயரும் மருத்துவச் சான்றும்.
4. இரண்டு ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர் ஒன்று. இது கடன் வாங்கியது. மாலை நாடகத்துக்குள் திரும்பியாக வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை. அந்த நாடகம் நின்று பல வருடங்கள் ஆகின்றன, ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான்.

குறிப்பு: பாட்டு ஓடும்போது யாராவது தங்களைக் கூப்பிட்டால் தயவுசெய்து நிறுத்திவிட வேண்டாம். 'வர்றேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு, தொடர்ந்து கேளுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.